சக்கரத்துக்குத் தட்டி கட்டிய வருஷம்

அக்காவின் மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். போன மாதம் அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். டோக்கியோவில் பூமிக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிவப்பு ரயில். ஓடி ஓய்ந்ததும் அந்த ரகத்துப் பெட்டிகள் பலவற்றைக் கப்பலில் ஏற்றி, உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் ஒரு நாட்டுக்கு விற்றுவிட்டார்களாம். அங்கேயும் சுரங்கத்துக்குள்ளேயே பல வருஷம் உழைத்திருக்கிறது. அவர்களுக்கும் போதும் என்றானபோது, பிறந்த ஊர்க்காரர்கள் சில பெட்டிகளை மறுபடி கப்பலேற்றிக் கொண்டுவந்து, பழைய சிவப்பையே பூசி, நிழலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறி இறங்குகிறார்கள். ஒரு கிழவர் துணியை வைத்துக் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

"சித்தி, நீங்கல்லாம் குடியிருந்த ரயில் பொட்டி இப்ப எங்க இருக்கு?" என்று கடைசியில் கேட்டிருந்தான்.

வீடியோ வந்தபோது நான் உடையார்பாளையத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா முழுவதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் அக்கா அப்படித்தான். இப்போதெல்லாம் என்றால், ரொம்ப வருஷமாக.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மூட்டு தேய்ந்து, கண்ணில் புரை எடுத்து, காலை மாத்திரை எது ராத்திரி மாத்திரை எது என்று பேரப்பிள்ளையிடம் கேட்கிற வயது. நம்மை யாரும் புது வர்ணம் பூசி நிழலில் நிறுத்தப் போவதில்லை. அந்தக் கொடுப்பினை வேண்டுமென்றால் ஜப்பானில் வண்டியாகப் பிறந்திருக்க வேண்டும். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரம்பலூரில் மகன் வீட்டின் பின்னறையில் ஓரமாக நிற்கிறேன். அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் அந்த வருஷத்தை ஒருதரம் சொல்லிவிட வேண்டும்.

நான் ஒரு வருஷம் ரயில் பெட்டியில் குடியிருந்தவள். பயணம் போனதைச் சொல்லவில்லை. அடுப்பு மூட்டி, கோலம் போட்டு, கோழி வளர்த்துக் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் பாலம் மேஸ்திரி. வாய்க்கால், ஓடை என்று தண்டவாளத்துக்கு அடியில் வருகிற பாலங்களையெல்லாம் பழுது பார்க்கிற கேங்குக்கு அவர்தான் தலைவர். எந்தப் பாலத்தில் வேலையோ, அதற்குப் பக்கத்து ஸ்டேஷனில் அவர்கள் தங்க ஒரு பழைய பெட்டியை ஓரத் தண்டவாளத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கேம்ப் கோச் என்று பெயர். பொதுவாக ஆம்பளைகள் மட்டும் அதில் இருப்பார்கள். குடும்பம் ஊரில் இருக்கும். எங்கள் குடும்பம் ஆண்டிமடத்தில் சித்தப்பா வீட்டோடு இருந்தது. முந்திரித் தோப்பைப் பிரிப்பதில் அம்மாவுக்கும் அங்கே இருந்தவர்களுக்கும் வாய்ச்சண்டை வந்து, அம்மா அக்காவையும் என்னையும் இழுத்துக்கொண்டு அரியலூருக்கு வந்துவிட்டாள்.

"ஒரு வருசம் பொறுத்துக்க. குவார்ட்டர்ஸ் வந்துரும்" என்றார் அப்பா. குவார்ட்டர்ஸ் கடைசி வரை வரவில்லை.

பெட்டியை நடுவில் பலகை வைத்து மறித்திருந்தார்கள். ஒரு பாதியில் கேங்க் ஆட்களும் சாமான்களும். மறுபாதி எங்களுக்கு. வெயில் காலத்தில் கூரைத் தகரம் காய்ந்து, உள்ளே இருந்தால் தலைமயிர் பொசுங்குகிற மாதிரி இருக்கும். மழை பெய்தால் அடைத்துவைத்த கக்கூஸிலிருந்து பல ஊர்க்காரர்களின் பழைய நாற்றம் கிளம்பும். எக்ஸ்பிரஸ் கடக்கும்போது சாமான்கள் எல்லாம் கலகலவென்று ஆடும்; அம்மா ஒவ்வொன்றுக்கும் இடையில் கிழிந்த புடவைத் துணியைச் செருகி வைத்திருந்தாள். மேலே சாமான் வைக்கிற பலகையில் நான் படுப்பேன். என் மூக்குக்கு நேரே, 'எட்டு பேர் உட்கார' என்று எழுதியிருந்தது அழியாமல் இருந்தது. "எட்டு பேருக்கு யாரு ஆக்கிப் போடறது" என்று அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

பெட்டிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கேங்கில் சமையல் பார்த்த அண்ணன் அதைக் கதை கதையாகச் சொல்வார். இளமையில் அது மூன்றாம் வகுப்புப் பெட்டி. ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிடப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தைத் தாண்டியிருக்கிறது. கொஞ்சம் தளர்ந்ததும், ஊருக்கு ஊர் நிற்கிற பாசஞ்சரில் மாட்டிவிட்டார்கள். பால்கேனும் கீரைக்கூடையும் ஆடும் ஏறின. அடிச்சட்டத்தில் துரு ஏறியதும், இனி சனங்களை ஏற்றி ஓட லாயக்கில்லை என்று பொன்மலைப் பட்டறையில் பெஞ்சுகளைப் பிடுங்கி, அடுப்பு வைக்கத் தகரம் அடித்து, கேம்ப் கோச் ஆக்கி அனுப்பினார்கள். அதற்கு அப்புறம் எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்தினால் மாசக்கணக்கில் நிற்கும்.

"கொமரியா இருந்தப்ப ராமேஸ்வரம், கெழவியானதும் கேம்ப்பு" என்றாள் அக்கா. சமையல் அண்ணன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

அக்கா அப்போது அப்படி இருந்தாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. வாயைத் திறந்தால் கேட்கிறவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. எதிர் வண்டிக்காக பாசஞ்சர் பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும்போது, அந்த ஜன்னலில் இருப்பவர்கள் எங்கள் ஜன்னலைப் பார்த்து ஏதோ வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள்.

"எங்கம்மா போறே?" என்று ஒரு பொம்பளை கேட்டாள் ஒருநாள்.

"நானா? ஆறு மாசமா போயிக்கிட்டேதான் இருக்கேங்க. இன்னும் வண்டிய எடுக்க மாட்டேங்கறான்" என்றாள் அக்கா. அந்தப் பொம்பளையின் வண்டி கிளம்பிப் போன பிறகும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டே போனாள்.

அரியலூர் மண்ணைத் தோண்டினால் கல்லாகிப்போன சிப்பிகள் கிடைக்கும். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். வெள்ளைத் தூசி பறக்கிற சுண்ணாம்புக்கல் வேகன்களுக்கு நடுவில் நாங்கள் சிப்பி பொறுக்குவோம். "கடலே எடம் மாறிப் போயிருக்கு, நம்ம வூடு மாறுனா என்னவாம்" என்பாள் அக்கா. அவளுக்கு அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இருந்ததாக நினைவில்லை. குறையெல்லாம் அப்பாவுக்குத்தான்.

அவருக்குக் குறை வந்தது, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகு. முதலில் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்தார்கள். பெட்டியைப் பார்த்துவிட்டு ஏறவே இல்லை. "நெலச்ச எடமில்லாத குடும்பத்துல எப்படிங்க" என்று தண்டவாளத்து ஓரத்திலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் ஏறி, காப்பி குடித்து, சக்கரத்தைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போய், பதிலே சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா சாப்பிடும்போது அக்காவின் முகத்தைப் பார்ப்பதில்லை. இன்னொரு தரம் தட்டிப்போனால் பெண்ணுக்கு ராசியில்லை என்று பெயர் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் இரண்டாம் தாரமாகத்தான் கேட்டு வருவார்கள் என்று அம்மா அழுதாள். எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அக்காவுக்கும்.

மூன்றாவதாக வந்தது பாடாலூர் இடம். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பாடாலூரில் வாக்கப்பட்டவள். அவள்தான் கொண்டுவந்தாள். பையனுக்கு ரோட்டு மேல் சைக்கிள் கடை. கிணறும் கொஞ்சம் காடும் இருந்தன. "தங்கமான மனுசங்க அண்ணே. மாமியா காரி மட்டும் கொஞ்சம் கறாரு" என்றாள் அத்தை.

"எங்க இருக்கோம்னு சொன்னியா?" என்றார் அப்பா.

"ரயில்வேல இருக்கீங்கன்னு சொன்னேன்."

மறுநாள் வேலை முடிந்து வரும்போது கேங்க் ஆட்கள் தலையில் தென்னங்கீற்றோடு வந்தார்கள்.

இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. அப்பா அந்தப் பெட்டியை வீடாக்கப் பார்த்தார். சக்கரம் வெளியே தெரியாமல் இருக்க நீளத்துக்கும் கீற்றுத் தட்டி கட்டினார். தட்டிக்கு முன்னால் செம்மண் குழைத்துத் தரையோடு ஒரு வரப்பு மாதிரி எழுப்பி, அம்மாவைச் சாணி மெழுகச் சொன்னார். ஏறுகிற இடத்தில் பழைய மரக்கட்டைகளை அடுக்கிப் படிக்கட்டு. வாசலில் பந்தல். பக்கவாட்டில் இருந்த பெட்டி நம்பர் மேல் சுண்ணாம்பு. எல்லாம் முடிந்து எட்டி நின்று பார்த்தால், கூரை மட்டும் கொஞ்சம் உருண்டையாக ஒரு கீற்று வீடு நின்றது. கேங்க் ஆட்கள் கை தட்டினார்கள். அப்பாவின் முகத்தில் நான் அந்த வருஷத்தில் பார்த்த ஒரே சிரிப்பு அது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னொன்றும் செய்தார். ஆட்கள் குடியிருக்கிற பெட்டி நிற்கும் தண்டவாளத்தில், பெட்டிக்கு முன்னால் ஒரு சிவப்புப் பலகை நட்டு வைப்பார்கள். அதைப் பார்த்தால் எந்த எஞ்சினும் அந்தப் பக்கம் வேகனைத் தள்ளக் கூடாது. பலகை சாய்ந்திருந்தாலே அப்பா கேங்க் ஆட்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஒருமுறை காற்றில் விழுந்துவிட்டது என்பதற்காக ஒருவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி விரட்டியிருக்கிறார். அந்த அப்பாதான், பாடாலூர்க்காரர்கள் வருகிற அன்று காலையில் போய்ப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் போட்டார். வீட்டு வாசலில் எதற்குச் சிவப்புப் பலகை என்று அவர்கள் கேட்டுவிடுவார்களாம்.

"ஏங்க, அது இல்லாம இருக்கலாமா?" என்றாள் அம்மா.

"ஒரு மணி நேரந்தான். இன்னிக்கு இந்த லைனுக்கு எதுவும் வராது. எனக்குத் தெரியாதா" என்றார் அப்பா.

அவர்கள் பெரம்பலூரில் பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்தார்கள். பையன், பையனின் அப்பா, அம்மா, என் வயதில் இரட்டைச் சடை போட்ட ஒரு தங்கை, கூட எங்கள் அத்தை. பையனின் அப்பா கட்டையான மனிதர், முண்டாசு கட்டியிருந்தார். படியேறி உள்ளே வந்ததும் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். பையனின் அம்மா நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தாள். அவள் பார்வை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் போனது. பையன் குனிந்த தலை நிமிரவில்லை. பெண்ணைப் போல அவன்தான் வெட்கப்பட்டான். அம்மா பஜ்ஜித் தட்டை வைத்தாள். அப்பா நின்றுகொண்டே, பெட்டியையே குவார்ட்டர்ஸ் என்று சொல்லி, தண்ணீர் வசதி எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"வூடு காத்தோட்டமா இருக்குதுங்க" என்றார் பையனின் அப்பா. அவர் வாய் ஓரத்தில் ஏதோ துடித்தது. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

அக்கா காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு பலகை மறைவிலிருந்து வந்தாள். மாம்பழ நிறப் புடவை, கனகாம்பரம். அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு இரும்பைத் தொட்டுத் தொட்டு வருகிற சத்தம். பெட்டியில் குடியிருந்தவர்களுக்கு அது தெரியும். அப்பாவுக்கும் கேட்டது. அவர் வாய் பாதி வார்த்தையில் நின்றது.

எஞ்சின்காரர் மேல் குற்றமில்லை. பலகை இல்லாத தண்டவாளத்தில், காலி வேகன்களை மெதுவாகத்தான் தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் மெதுவாக வந்தாலும் வேகன் வேகன்தானே. மடேர் என்று ஒரு இடி. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கட்டைகள் நசுங்கின. எத்தனையோ மாதமாக நின்ற இடத்தில் நின்ற எங்கள் வீடு நகர்ந்தது.

பையனின் அம்மா மல்லாக்கச் சாய்ந்தாள். பஜ்ஜிகள் உருண்டன. சுவரில் இருந்த சாமி படங்கள் விழுந்தன. அத்தை "மாரியாத்தா" என்று கத்தினாள். இரட்டைச் சடை என் மேல் வந்து விழுந்தது. வெளியே தட்டிகள் பட்பட்டென்று முறிகிற சத்தம். எல்லாவற்றையும் விட, இருபது வருஷமாக ரயிலோடு உழல்கிற எங்கள் அப்பா, நின்ற வாக்கிலேயே முன்னால் சாய்ந்து, பையனின் அப்பா காலடியில் குப்புற விழுந்தார். வேட்டி அவிழ்ந்துவிட்டது. சம்பந்தம் பேச வந்தவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்த மாதிரிதான் இருந்தது.

அக்கா மட்டும் விழவில்லை. சத்தம் கேட்டதுமே முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். மறுகையில் தட்டு. ஒன்றிரண்டு டம்ளர் சிந்தியது, அவ்வளவுதான். பெட்டி பதினைந்து இருபது அடி போய், முனையில் இருந்த மண்மேட்டில் இடித்து நின்றது.

பையனின் அம்மா எழுந்து கொண்டையை முடிந்துகொண்டாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தட்டி சரிந்து, மெழுகிய வரப்பு பிளந்து, சக்கரங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அவள் திரும்பி நேராக அக்காவைப் பார்த்தாள்.

"ஏம்மா, இது வூடா வண்டியா?"

அப்பா தரையிலிருந்து வேட்டியை இழுத்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"வண்டிதாங்க. ரொம்ப நாளா ஓடல. இன்னிக்கு நீங்க வந்ததும் ஓடிருச்சு."

முதலில் சிரித்தது பையனின் அப்பா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரம்பலூர்ப் பக்கம் ரயில் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. "எனக்கு இதான் மொத ரயில் பயணம்! டிக்கெட்டு கேக்காம வுட்டானே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பையன் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். அப்பாவைக் கை கொடுத்துத் தூக்கியதும் பையனின் அப்பாதான். தூக்கும்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து, "யாருய்யா போர்ட எடுத்தது? உள்ள உசுருங்க இருக்கறது தெரியுமா தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அப்பா கட்டிலுக்கு அடியில் இருந்து பலகையை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். பாடாலூர்க்காரர்கள் அதையும் பார்த்தார்கள். பிறகு சிந்தாத டம்ளர்களில் இருந்த காப்பியைக் குடித்துவிட்டு, அத்தையிடம் சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். இரட்டைச் சடை போகும்போது என் கல்சிப்பி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

அன்றைக்கு ராத்திரி எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அம்மாகூடச் சிரித்தாள். அக்கா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அப்பா பாடாலூர் போய்விட்டு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

"புடிக்கலயாம்."

"ஏங்க? நல்லாத்தானே பேசிட்டுப் போனாங்க?" என்றாள் அம்மா.

"பொண்ணுக்கு வாய் ஜாஸ்தியாம். பெரியவங்க முன்னாடி இப்படிப் பேசற பொண்ணு வேணாம்னுட்டாங்க."

அம்மா அக்காவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சக்கரத்தால் போன இரண்டு இடத்தையும் அம்மா மறந்துவிட்டாள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அக்காவின் வாய்தான் காரணம். "அன்னிக்கு ஒரு நிமிசம் சும்மா இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பாள். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் பாசஞ்சர் வந்து நின்றால் எழுந்து உள்ளே போய்விடுவாள். யாராவது ஏதாவது கேட்டால், ஆமாம், இல்லை. அத்தையும் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இடம் தட்டிப்போன சங்கடம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

வருஷ முடிவில் கேம்ப் வேறு ஊருக்கு மாறியது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு எங்களோடு ஆண்டிமடத்துக்கே திரும்பினாள். பல வருஷம் கழித்துத்தான் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அம்மா பயந்த மாதிரியே இரண்டாம் தாரம். உடையார்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. அவருக்கும் பேச்சு பிடிக்காது. இருவரும் ஒரு வீட்டில் சத்தமில்லாமல் வாழ்ந்தார்கள். அவரும் போய்விட்டார்.

பெட்டி என்ன ஆனது என்று அக்கா மகன் கேட்டதற்கு என்னிடம் பதில் உண்டு. அகலப் பாதை போட்ட காலத்தில் மீட்டர் கேஜ் பெட்டிகளையெல்லாம் இழுத்துக்கொண்டுபோய் ஏலம் விட்டார்கள். ஓய்வு பெற்றிருந்த அப்பா எங்கேயோ கேள்விப்பட்டு, ஒருநாள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கேஸ் வைத்துத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்களாம். எங்கள் பெட்டியை எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். "நம்பர் மேல சுண்ணாம்பு இருந்துச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

போன வாரம்தான் தெரிந்தது. பெரம்பலூரில் முட்டிக்குக் கரண்ட் வைக்கிற இடத்தில் காத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் எல்லாம் நம்ம வயதுக்காரர்கள்தான். நேரம் போகவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், பருத்த உடம்பு, வெள்ளை முடி, சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணனுக்குப் பொண்ணு பாக்கப் போனம்ங்க. காப்பி குடிக்கறோம், பொண்ணு வூடு நகந்துருச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"ரயில் பொட்டிங்க அது. எங்களுக்கு முன்னாடியே தெரியும். அரியலூரு மேஸ்திரி பொட்டியில குடியிருக்காருன்னு பாடாலூரே பேசும். பாவம், அந்த மனுசன் தட்டியெல்லாம் கட்டி மறச்சு வச்சிருந்தாரு. அதச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு எங்கப்பாரு வழியெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாரு. எங்கம்மா வூடா வண்டியான்னு கேட்டாங்க. அதுக்கு அந்தப் பொண்ணு, 'வண்டிதாங்க, நீங்க வந்ததும் ஓடிருச்சு'ன்னுச்சு பாருங்க..."

"அப்பறம் என்னாச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்னாவறது. எங்கம்மாவுக்கு அந்தப் பொண்ணுன்னா உசுரு. இவளக் கொண்டாந்தாத்தான் வூடு வூடா இருக்கும்னாங்க. அண்ணனும் அதே புடியில நின்னுச்சு. தேதி குறிக்க வரச் சொல்லி ஆள் உட்டோம். பொண்ணோட அப்பா வந்து வாசல்லயே நின்னுக்கிட்டு, பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. உள்ளகூட வரல. எங்கம்மா ரெண்டு நாளு சோறு திங்கல. சாவற வரைக்கும் அந்தப் பேச்ச ஆருகிட்டயாவது சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

நான் யார் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இத்தனை வயதிலும் ஒரு மனத்தாங்கலோடு கேட்டாள்: "உங்கக்காவுக்கு எங்கள ஏன்டீ புடிக்கல?"

நான் என்ன பதில் சொல்வேன். என் அப்பா கீழே விழுந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் வீட்டுப் படி ஏற அவருக்கு மனசு வரவில்லை என்பதையா? அவர்களிடம் ஒரு பொய், எங்களிடம் ஒரு பொய். அத்தையிடமும் பெண்தான் ஒப்பவில்லை என்றிருப்பார். ஏன் அவள் வரவில்லை என்று இப்போது புரிகிறது. வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்று தேடி, அக்காவின் வாயை எடுத்துக்கொண்டார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் மறந்திருப்பாள். அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் போய்க் கோபப்படுவது? அதுவும் அலுத்துவிட்டது.

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு பஸ் ஏறி உடையார்பாளையம் போனேன். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து முந்திரிப் பருப்பில் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னபோதும் நிமிரவில்லை. நான் முடித்த பிறகு வெகுநேரம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தம்மாவுக்குப் புடிச்சிருந்துச்சாமா?" என்றாள்.

"உசுராம்."

"நான் சொன்ன அந்தப் பேச்சா?"

"அதேதான். சாவற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்களாம்."

அக்கா கையில் இருந்த பருப்பை முறத்தில் போட்டாள். வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. சிரிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதாடி. நான் இன்னும் எவ்வளவோ பேசியிருப்பேனே" என்றாள்.